கடைக்காரரின் காது

பழைய கிராமபோன் தட்டு ஒன்று எங்கேயாவது கையில் கிடைத்தால், நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் படித்துப் பாருங்கள். பாடியவர் பெயர் இருக்கும். பாட்டின் முதல் வார்த்தைகள் இருக்கும். சில தட்டுக்களில் ராகமும் தாளமும் கூட இருக்கும். கம்பெனியின் முத்திரை எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும். ஒரே ஒருவர் பெயர் மட்டும் இருக்காது. இந்தப் பாடகரை ஊர் ஊராகத் தேடிப் பிடித்தவர், இவருக்குத் தெரிந்த நூறு பாட்டில் இதைப் பாடினால் விற்கும் என்று சொன்னவர், மூன்று நிமிஷத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று கடிகாரத்தைக் காட்டியவர் – அவர் பெயரைக் காணமுடியாது.

சங்கீதத்தின் சரித்திரத்தை வித்வான்களின் சரித்திரமாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் கடந்த நூறு ஆண்டுகளில் எந்தக் குரல் மிஞ்சியது, எது காற்றோடு போயிற்று என்பதைத் தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் பாடத் தெரியாதவர்கள், வியாபாரிகள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி இங்கே சொல்லப் போகிறேன். ஒருவர் அமெரிக்காவில் மிஸௌரி மாகாணத்துக்காரர். இன்னொருவர் நம்முடைய காரைக்குடிக்காரர். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததாகச் சான்று எதுவும் நான் பார்த்ததில்லை. ஆனால் இருவரும் தட்டு விற்ற கடைக்காரரின் பிள்ளைகள்.

முதலில் தட்டு நம் நாட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1902-ஆம் ஆண்டில் பிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவுக்காரர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். கௌஹர் ஜான் என்ற பாடகியைக் கூம்புக் குழாய்க்கு முன்னால் நிறுத்திப் பாடச் செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். பதிந்த மெழுகுத் தட்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே அச்சடிக்கிறவனுக்குப் பாடியது யார் என்று தெரியவேண்டும் அல்லவா? 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது. தட்டுக்கு முக்கியமான சரக்கு அரக்கு. அது நம் நாட்டுக் காட்டு மரங்களில் பூச்சி கட்டும் அரக்குத்தான். கல்பொடியும் கரியும் சேர்த்துப் பிசைந்து வார்த்தால் தட்டு. உலகமெங்கும் பாடிய தட்டுக்களில் நம் காட்டுப் பிசின் கலந்திருந்தது என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

தென்னாட்டுக்கும் ஒலிப்பதிவுக்காரர்கள் வந்தார்கள். எங்கள் ஜில்லாவுக்கும் இதில் பங்கு உண்டு. சேலம் கோதாவரி என்ற பாடகியின் குரல் அந்த ஆரம்ப காலத்திலேயே தட்டில் ஏறிவிட்டது. ஊர்ப் பெயர் முன்னால் நிற்க, அந்தத் தட்டுக்கள் எங்கெங்கோ போய்ச் சுழன்றன. அவர் சபைகளில் கச்சேரி செய்யும் வித்வாம்சினி. மேச்சேரியில் விடிய விடியக் கூத்துக் கட்டியவனைத் தேடி யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. பதிலைத் தேடினால் அமெரிக்காவுக்கே போகவேண்டியிருக்கிறது.

ரால்ப் பியர் 1892-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தையல் இயந்திரமும் கிராமபோனும் தட்டும் விற்றார். பையன் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் கடையில் நிற்பான். எந்தத் தட்டு தீர்ந்துவிட்டது, எதை மறுபடி வரவழைக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பான். வளர்ந்ததும் நியூயார்க்கில் ‘ஓகே’ என்ற தட்டுக் கம்பெனியில் சேர்ந்தார்.

1923 ஜூனில் அவர் அட்லாண்டா நகரத்துக்குப் போனார். அங்கே தட்டு விற்றுக்கொண்டிருந்த பிராக்மன் என்ற மரச்சாமான் கடைக்காரர், ஜான் கார்ஸன் என்ற பிடில்காரரைப் பதிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கார்ஸன் கிராமத்து ஆள். பிடிலை வாசித்துக்கொண்டே பாடுகிறவர். அவர் பாடினதைக் கேட்ட பியருக்குக் காது கூசிற்று. பாட்டு மகா மோசம் என்பது அவர் அபிப்பிராயம். ஆனாலும் பிராக்மன் ஐந்நூறு தட்டு நானே வாங்கிக் கொள்கிறேன் என்றதால், கம்பெனிப் பட்டியலில் எண்கூடக் கொடுக்காமல் ஐந்நூறு அடித்து அனுப்பினார்கள். அவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள் விற்றுப்போயின. ‘இன்னும் அனுப்புங்கள்’ என்று பிராக்மன் கேட்டபோது பியருக்கு ஞானோதயம் ஆயிற்று. தன் காதுக்குப் பிடிப்பது வேறு, வாங்குகிறவன் காதுக்குப் பிடிப்பது வேறு. நகரத்து ரஸிகன் மூக்கைச் சுளிக்கும் பாட்டுக்காகக் கிராமத்துக் குடியானவன் காசைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்!

அந்தச் சங்கீதத்துக்கு அப்போது பெயர்கூட இல்லை. 1925-ல் ஒரு கோஷ்டியார் பதிவுக்கு வந்தார்கள். ‘உங்கள் கோஷ்டிக்கு என்ன பெயர் போடட்டும்?’ என்று பியர் கேட்டார். ‘நாங்கள் வெறும் மலைக்காட்டு ஜனங்கள், எதையாவது போடுங்கள்’ என்றார் தலைவர். அதையே ‘ஹில் பில்லீஸ்’ என்று போட்டுவிட்டார் பியர். பழிப்புச் சொல்லே வியாபாரப் பெயராயிற்று. பிற்காலத்தில் ‘கன்ட்ரி மியூசிக்’ என்று கௌரவமான பெயர் வந்து, கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழிலாகிவிட்டது.

1927-ல் பியர் விக்டர் கம்பெனிக்காகப் பிரிஸ்டல் என்ற சிற்றூருக்குப் போனார். டென்னஸி, வர்ஜீனியா என்ற இரண்டு மாகாணங்களின் எல்லை அந்த ஊர்க் கடைத்தெருவின் நடுவில் ஓடுகிறது. தொப்பிக் கம்பெனி ஒன்று காலி செய்திருந்த கட்டிடத்தில் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு மைக்ரோபோனை வைத்தார். ஆட்கள் முதலில் அவ்வளவாக வரவில்லை. பியர் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரை அழைத்தார். ஸ்டோன்மன் என்ற உள்ளூர்ப் பாடகர் முந்திய வருஷம் தட்டுக்களில் 3,600 டாலர் சம்பாதித்தார் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. மறுநாளே குதிரை வண்டியிலும் ரயிலிலும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் கார்ட்டர் குடும்பத்தார் மூவர். ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி ஸாரா, உறவுக்காரப் பெண் மேபெல். மேபெலுக்கு வயது பதினெட்டு. பல மாதக் கர்ப்பிணி. கரடுமுரடான மலைப்பாதையில் கடன் வாங்கிய மோட்டாரில் வந்து சேர்ந்தார்கள். அதே வாரத்தில் காசநோய்க்காரரான ஜிம்மி ராட்ஜர்ஸும் வந்தார். இரண்டு வாரத்துக்குள் பத்தொன்பது கோஷ்டிகள், எழுபத்தாறு பாட்டுக்கள். கன்ட்ரி சங்கீதம் பிறந்த இடம் என்று இன்றைக்கும் அந்த ஊரைத்தான் சொல்லுகிறார்கள்.

இதுவரைக்கும் கதை இனிப்பாக இருக்கிறது. இனிமேல்தான் கடைக்காரரின் மூளை வேலை செய்கிறது. விக்டர் கம்பெனியில் சேரும்போது பியர் பெயருக்கு வருஷத்துக்கு ஒரு டாலர் சம்பளம் போதும் என்றார். அதற்குப் பதிலாக அவர் கேட்டது, பதிவாகும் புதுப் பாட்டுக்களின் உரிமையை நிர்வகிக்கும் அதிகாரம். தட்டு ஒருமுறைதான் விற்கும். பாட்டு யார் பாடினாலும் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கும். பாடினவருக்கு ஒரு பக்கத்துக்கு ஐம்பது டாலரும் ஒரு சிறு பங்கும். மீதி, பியர் 1928-ல் தொடங்கிய சதர்ன் மியூசிக் கம்பெனிக்கும் விக்டருக்கும். இப்படி அவர் பெரிய செல்வரானார். 1960-ல் காலமானார்.

பாட்டுக்கு உரிமை வேண்டுமானால் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். ஆகவே ஏ. பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சேகரிக்கத் தொடங்கினார். அவருக்கு மெட்டு நினைவில் நிற்காது. லெஸ்லி ரிடில் என்ற நீக்ரோ இளைஞரை உடன் அழைத்துப் போவார். இவர் வார்த்தையை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை மனத்தில் பிடித்துக்கொள்வார். திரும்பி வந்து செப்பனிட்டு, ஏ. பி. கார்ட்டர் இயற்றியது என்று பதிவு செய்வார்கள். சமையற்கட்டு வாசலில் நின்று பாடிக் காட்டின பாட்டிகளின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. ரிடிலின் பெயர் வெளியே தெரிய முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. பாட்டைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான். எடுத்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சரித்திரமாகாது.

இனிக் காரைக்குடிக்கு வருவோம். அ. வி. மெய்யப்பன் 1907 ஜூலை 28-ல் பிறந்தார். தந்தையார் ஆவிச்சிச் செட்டியாரின் ‘ஏ.வி. அண்டு ஸன்ஸ்’ கடையில் மற்றச் சாமான்களோடு கிராமபோன் தட்டும் விற்றார்கள். பையன் சிறு வயதிலேயே கடைக்கு வந்துவிட்டார். தட்டு வாங்க வருகிறவர், வாங்குவதற்கு முன் அதைப் போட்டுக் கேட்பார். எந்த இடத்தில் தலை ஆடுகிறது, எந்த இடத்தில் முகம் சுருங்குகிறது என்பதைக் கடைக்குள் இருக்கிறவன் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்தச் சங்கீதக் கலாசாலையிலும் இந்தப் படிப்பு கிடையாது. பிறர் அடித்த தட்டை விற்பானேன், நாமே தயாரித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கிராமபோன் கம்பெனியில் மானேஜராக இருந்த கே. பி. வரதாச்சாரி முதலிய நண்பர்களோடு சேர்ந்து 1932-ல் சென்னையில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கினார். ஜெர்மன் கம்பெனியான ஓடியனோடு ஏற்பாடு.

இங்கே ஒரு வேடிக்கையான ஒற்றுமை. ஓடியன், லிண்ட்ஸ்ட்ரோம் என்ற பெரிய ஜெர்மன் ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. ரால்ப் பியர் தொழில் கற்ற ஓகே கம்பெனியைத் தொடங்கிய ஹைனிமன் என்பவரும் அதே லிண்ட்ஸ்ட்ரோம் ஸ்தாபனத்தில் இருந்து அமெரிக்கா போனவர்தான். கடல் கடந்த இரண்டு கிளைகளுக்கு வேர் ஒன்று.

அந்தக் காலம் நாடகப் பாட்டின் பொற்காலம். எஸ். ஜி. கிட்டப்பாவும், எங்கள் காவேரிக் கரைக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் பாடிய தட்டுக்கள் வீடு வீடாகச் சுழன்றன. 1933 மே மாதத்தில் ஜிம்மி ராட்ஜர்ஸ் நியூயார்க்கில் கடைசிப் பாட்டைப் பதிந்து இரண்டே நாளில் இறந்தார், வயது 35. அதே வருஷம் டிசம்பரில் கிட்டப்பா இறந்தார், வயது 27. இருவருடைய குரலும் அரக்கில் பத்திரமாக இருந்தது. ஆள் போன பிறகும் குரல் வீட்டுக்கு வரும் என்பதை அமெரிக்கக் குடியானவனும் தமிழ்நாட்டு ரஸிகனும் ஒரே வருஷத்தில் அறிந்துகொண்டார்கள்.

ஆளை விட்டுக் குரல் பிரியும் என்ற இந்த ரகசியத்தை மெய்யப்பனைப் போல் உணர்ந்தவர் வேறு இல்லை என்பேன். பேசும் படம் வந்ததும் அவர் சினிமாவில் இறங்கினார். 1935-ல் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’வும் ‘ரத்னாவளி’யும் கையைக் கடித்தன. 1938-ல் ‘நந்தகுமார்’ எடுத்தபோது, ஒரு நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாடச் செய்து சேர்த்தார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பது அன்றைய தமிழ்ப் படத்துக்குப் புதிது. 1944-ல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்துத் தமிழ்ப் படமாக்கினார். 1945-ல் ‘ஸ்ரீ வள்ளி’யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தியாக இல்லையென்று, பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து மாற்றினார். இவை சினிமாக்காரரின் தந்திரங்கள் அல்ல. தட்டுக்காரருக்கு இயல்பாக வருகிற எண்ணங்கள். முகம் தெரியாமல் குரலை மட்டுமே விற்றுப் பழகியவர் அல்லவா அவர்?

உரிமை விஷயத்திலும் அவர் பியரைப் போலவே யோசித்தார். சுப்பிரமணிய பாரதியார் 1921-ல் வறுமையில் மறைந்தார். அவருடைய பாட்டுக்களைத் தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து, சென்னை நகை வியாபாரி ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அதை மெய்யப்பன் 1940-களில் விலைக்கு வாங்கினார். 1947 பொங்கலுக்கு ‘நாம் இருவர்’ வந்தது. டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே சுதந்திரப் பள்ளு கொட்டகை கொட்டகையாக ஒலித்தது. படம் பெரிய வெற்றி.

அடுத்த வருஷம் டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். மெய்யப்பன் ஆட்சேபித்து வழக்குக்குப் போனார். சட்டம் அவர் பக்கம் இருந்திருக்கலாம். நாடு முழுவதும் பாடிச் சிறை சென்ற பாட்டு ஒரு கம்பெனியின் சொத்து என்பதை ஜனங்களின் மனம் ஒப்பவில்லை. பாரதியைப் பொதுவாக்க வேண்டும் என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1949-ல் சென்னை அரசாங்கம் பாரதி எழுத்துக்களின் உரிமையை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக் கொடுத்தார். 1955-ல் அரசாங்கமும் அதைப் பொதுமக்களுக்கே உரியதாக்கிவிட்டது. வழக்குப் போட்ட மனிதரும் விட்டுக் கொடுத்த மனிதரும் ஒருவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அவருக்கும் நியாயமல்ல, நமக்கும் நியாயமல்ல. 1979-ல் அவர் மறைந்தார். இன்று நாம் பாரதி பாட்டைப் பாட யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

இனி எங்கள் ஊர்க் கேள்வி. மேச்சேரி, ஓமலூரிலிருந்து மேட்டூர் போகிற வழியில் இருக்கிறது. ஊருக்குள்ளே பத்ரகாளியம்மன் கோயில். வெளியே மானாவாரிக் காடும், ‘மேச்சேரி ஆடு’ என்று பெயர் வாங்கிய செம்மறிகளும். இந்தச் சுற்று வட்டாரத்தில் கூத்து என்றால் மிருதங்கம், முகவீணை, தாளம், ஆர்மோனியம். ராத்திரி பத்து மணிக்குக் கோமாளி வந்து ஆரம்பித்தால் கர்ணன் சாவதற்குப் பொழுது விடிந்துவிடும். பிரிஸ்டலுக்கு வந்த மலைக்காட்டு ஜனங்களைவிட எங்கள் கூத்தாடிகள் எந்தவிதத்தில் குறைந்தவர்கள்? ஒரு ரால்ப் பியர் ஏன் இங்கே வரவில்லை?

மூன்று நிமிஷத் தட்டுக்குள் முழு இரவு அடங்காது என்று சொல்லலாம். அது பாதிக் காரணம். நாடகத்தை நாலைந்து தட்டாகத் துண்டு போட்டு விற்றார்களே! உண்மையான காரணம் கடையின் கல்லாவில் இருக்கிறது. அமெரிக்கக் குடியானவன் எழுபத்தைந்து காசு கொடுத்துத் தன் ஊர்ப் பிடிலைத் தானே வாங்கினான். எங்கள் குடியானவனுக்குக் கூத்துப் பார்க்க நெல்லோ கம்போ கொடுக்க முடியும். கிராமபோன் பெட்டி வாங்கக் கட்டாது. காரைக்குடிக் கடையில் தலையாட்டிக் கேட்டவர்களில் கூத்து ரஸிகன் இல்லை. வராத வாடிக்கைக்காரனின் காதைக் கடைக்காரர் எப்படி அறிவார்?

கடைசியில் தட்டு எங்கள் ஊருக்கு வந்தபோது, விற்கிறவராக வந்தது மைக் செட்டுக்காரர். மேட்டூர் அணை 1934-ல் திறந்தது. பிறகு அங்கே மின்சாரமும் எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருவிழாவுக்குக் குழாய் கட்டும் பழக்கம் பரவியது. கல்யாணமோ காதுகுத்தோ, பனைமரத்தில் குழாய் ஏறும். சினிமாப் பாட்டு நாலு ஊருக்குக் கேட்கும். தட்டு வாங்குகிறவர் அவர் ஒருவரே. நாலு ஊருக்கும் அவர் காதுதான் காது. கூத்துக்கு முன்னாலும் பின்னாலும் சினிமாப் பாட்டு என்று ஆரம்பித்து, கூத்துக்குப் பதிலாகவே சினிமாப் பாட்டு என்று ஆகியிருக்கிறது. நான் அந்தக் குழாய்ப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். அதை வெறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அதன் இரைச்சலில் எது அமுங்கிப் போயிற்று என்று எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

கொங்கு நாட்டு உடுக்கைப் பாட்டுக்கு மட்டும் ஒரு நல்ல காலம் வாய்த்தது. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆராய்ச்சி அம்மையார் 1965-ல் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, அண்ணன்மார் கதையைப் பதினெட்டு இரவுகள் பாடக் கேட்டு டேப்பில் பதிந்தார். பின்னால் அது தமிழிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாயிற்று. அந்த அம்மையாருக்குக் கடை இல்லை, கல்லா இல்லை. ஆகையால் கடிகாரத்தையும் காட்டவில்லை. கடைக்காரரின் காதுக்கு எட்டாததைப் படிப்பாளியின் காது பிடித்தது.

இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவு யந்திரம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கூத்துக் கட்டுகிற ஜமாக்கள் இன்னும் இருக்கின்றன. இளைஞர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பதிகிறார்கள். மூன்று நிமிஷக் கட்டு இல்லை, அரக்குச் செலவு இல்லை. ஆனால் இப்படிப் பதிந்ததில் நான் கேட்ட பலவற்றில் பாடினவர் பெயர் இல்லை. மிருதங்கக்காரர் பெயர் இல்லை. எந்த ஊர், எந்த வருஷம் என்பதும் இல்லை. பியரின் காகிதத்தில் விட்டுப்போன பாட்டிகளைப் போலவே இவர்களும் விட்டுப்போகிறார்கள்.

ஆகையால் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். கூத்தையோ தாலாட்டையோ ஒப்பாரியையோ பதிகிறவர்கள், முடிந்ததும் பாடினவரையே தம் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லி அதையும் பதிந்துவிடுங்கள். 1902-ல் கௌஹர் ஜானுக்குக் கிடைத்த அந்த ஒரு வரி, மேச்சேரிக் கூத்துக்காரருக்கும் கிடைக்கட்டும்.